பஞ்சு வைத்துத் தைத்த உடம்பு

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிடும். கொழும்பின் புழுக்கத்திலிருந்து தப்பி, குளிரைத் தேடிக் கார்களில் குடும்பம் குடும்பமாக மேலே வருவார்கள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த எங்களுக்கோ அது வெயிலின் மாதம். மழையும் மூடுபனியும் மாறி மாறிப் போர்த்தியிருந்த மலை அப்போதுதான் முகம் காட்டும். வீடுகளில் கம்பளிச்சட்டைகளைத் துவைத்து வேலியில் உலர்த்தி, பூச்சி உருண்டை போட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தலையில் போட்டிருந்த கம்பளியை லயத்துக் குடியிருப்பிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். யாருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்பது ஆண்டில் அந்தச் சில வாரங்களில்தான் ஊருக்குத் தெரியவரும். அந்த வாரங்களுக்கு நான் அஞ்சினேன்.

நான் மெலிந்தவள். இன்று அதற்காகப் பட்டினி கிடக்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் என் கதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்நாளில் கொழுந்துக்கூடை சுமக்கும் பெண் மெலிந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வேலை தின்ற உடம்பு என்று எல்லோருக்கும் தெரியும். என் தந்தையோ கணக்கப்பிள்ளை. மலையில் நின்று கொழுந்தெடுப்பை மேற்பார்வை செய்பவர். எங்களுக்குத் தனிவீடு, பின்புறத்தில் பசு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. படிப்பை முடித்துவிட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணந்தான் சொல்வார்கள்.

அந்தக் காரணம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை உண்மையாகியிருந்தது. அம்மாவின் தங்கை சயரோகத்தில் இறந்தவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் படுத்திருந்தார். அவர் இறந்த பிறகு பாயையும் தலையணையையும் எரித்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனாலும் நெடுங்காலம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். நான் வளர வளர, சின்னம்மாவின் முகவெட்டும் உடல்வாகும் எனக்கு அமைந்தன. எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மாவின் கை என் முதுகெலும்பின்மீது வந்ததும் ஒரு கணம் நின்று, பிறகு அவசரமாக நகரும். அந்தத் தயக்கத்தை நான் என் உடம்பின் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஐப்பசி மாதம், விடாத மழை. அம்மா அந்த மழைக்காக எத்தனை கோயில்களுக்கு நேர்ந்துகொண்டாரோ தெரியாது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் பழைய கம்பளி உடுப்புகளைப் பங்களாவில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றில் இரண்டு எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. ஒன்றை இரவிக்கைக்குள்ளும் மற்றொன்றை மேலேயும் போட்டு, அதன்மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திவிட்டார் அம்மா. அந்தக் குளிரில் வந்தவர்களும் அப்படித்தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், நெடிய உருவமும் கனத்த குரலும் உடையவர், என் மேற்கையைக் கம்பளியோடு சேர்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தார்.

"நல்ல கட்டுமஸ்தான உடம்பு. எங்க வீட்டு வேலைக்குத் தாங்கும்" என்றார்.

மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. புறப்படும்போது மட்டும், நான் என்ன படிப்பேன் என்று கேட்டார். கிடைப்பதையெல்லாம் என்றேன்.

"கடையில சரக்கு மடிக்கப் பழைய பத்திரிகை வருதுங்க. நான் படிச்சிட்டுத்தான் கிழிப்பேன். நல்லா இருந்தா கிழிக்கவும் மாட்டேன். அப்பா திட்டுவாரு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அதுவே என் துன்பமும் ஆயிற்று. பிடிக்காத இடமாக இருந்தால் இந்த ஏமாற்று எனக்கு இவ்வளவு உறுத்தியிராது. அவர் சம்மதித்தது என்னையா, துரைசானியின் கம்பளியையா என்று நினைத்து நினைத்துக் கூசிப்போனேன். திருமணத்தை ஆவணிக்கு வைத்துக்கொள்வதென்று பேசி முடித்தார்கள்.

அதற்குள் என்னைக் கம்பளி இல்லாமலே பருமனாக்கிவிடலாம் என்பது அம்மாவின் நம்பிக்கை. பச்சை முட்டை, உளுந்தங்களி, மீன் எண்ணெய், பாலில் ஊறிய பேரீச்சம்பழம். பலன் தெரிகிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்ந்திருக்கும் தொழிற்சாலைக்கு என்னை அழைத்துப்போகும்படி அப்பாவை அனுப்புவார். தேயிலைத்தூள் அடைத்த பெட்டிகளை நிறுக்கும் பெரிய மேடைத்தராசு அங்கே இருந்தது. அதன்மேல் நான் ஏறி நிற்பேன். அப்பா எடைக்குண்டை நகர்த்துவார். நகர்த்தவேண்டிய தூரம் மிகக் குறைவு. தொழிற்சாலைக் காவல்காரர் வயதான மனிதர். ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"ஐயா, இந்தப் பொட்டியில என்ன தூளுங்க? பெக்கோவா, டஸ்டா? காத்தடிச்சா பறந்துருமுங்க, ஆணி அடிச்சி வைங்க!"

அப்பாவும் சிரித்துவிட்டார். பெக்கோ உயர்ந்த தூள்; தொழிற்சாலையின் கடைசித் தரமான தூளுக்கு டஸ்ட் என்று பெயர். நான் தராசைவிட்டு இறங்கி, தேயிலை வாசனை நிறைந்த அந்தக் கூடத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் முடிவில் மாப்பிள்ளையின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினேழு வயது, பட்டாசு போன்ற பெண். புது மோஸ்தரான நைலான் சேலை ஒன்றை என் மடியில் போட்டாள். இளநீலம், கையில் எடுத்தால் கை தெரிந்தது.

"அண்ணி, சீசனுக்கு நாங்க எல்லாம் நுவரெலியா போறோம். நீங்களும் வரணுமாம், அம்மா சொல்லிட்டாங்க. இதத்தான் கட்டிக்கிட்டு வரணும். அண்ணன் எடுத்தது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அவள் போனதும் அம்மா அந்தச் சேலையைக் கதவுப்பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அதை ஊடுருவி அவர் முகத்தில் நீலமாக விழுந்தது. "இதுக்கு ஒண்ணும் கட்டாமயே போயிறலாம்" என்றார்.

மறுக்கவும் முடியாது, மறுத்தால் காரணம் கேட்பார்கள். அம்மா பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து, நடுவில் இலவம்பஞ்சை வைத்து, கையில்லாத உள்சட்டை ஒன்று தைத்தார். பஞ்சு ஓரிடத்தில் திரண்டுவிடாதபடி கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினார். அவ்வளவு நேர்த்தியான தையலை அவர் வேறெதற்கும் போட்டு நான் கண்டதில்லை. அதற்கு மேலே பெரிய அளவில் இரவிக்கை. இடுப்புக்கு மூன்று பாவாடைகள். கைகளுக்கு என்ன செய்வது? கைகளை மறைக்கத்தான் கம்பளிச்சட்டை. துரைசானியின் மற்றொரு சட்டையிலிருந்து கைகளை மட்டும் வெட்டியெடுத்து, மேற்சட்டையின் கைகளுக்குள் செருகிவிட்டார்.

"என்ன ஆனாலும் சுவெட்டரக் கழட்டாத. குளிர் ஆகாதுன்னு சொல்லிக்க."

"வெயில் அடிச்சா?"

"நம்ம நேரத்துக்கு மழ பேயும்" என்றார்.

மழை பெய்யவில்லை. கொழுந்து மும்முரமாகத் தளிர்க்கும் காலமாகையால் அப்பாவால் மலையைவிட்டு வரமுடியவில்லை. அம்மாவும் நானும் தலவாக்கலையில் பஸ் ஏறிப் போனோம். பூங்கா வாசலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மலர்க்கண்காட்சிக்கு வந்த கூட்டம் புல்வெளியெங்கும் பரவியிருந்தது. கொழும்புப் பெண்கள் கையில்லாத கவுன்களில், தோள்கள் வெயிலில் மினுங்க, குடைகளைச் சுழற்றிக்கொண்டு நடந்தார்கள். குளிர் என்று கேள்விப்பட்டு அவர்கள் கொண்டுவந்த கம்பளிகள் இடுப்பில் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பூங்கா முழுவதிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச்சட்டை அணிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

"அண்ணி, ஒங்களுக்கு வேர்க்கலியா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எனக்குக் குளிர் ஆகாது."

"எங்க இருக்குது குளிரு? எனக்கும் காட்டுங்களேன், பாப்போம்."

அவள் என் பொத்தானைப் பிடித்து விளையாட்டாக இழுத்தாள். நான் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டேன். பூக்களைப் பார்த்தோம் என்றுதான் சொல்லவேண்டும். எந்தப் பூவும் என் நினைவில் இல்லை. முதுகுப் பள்ளத்தில் வியர்வை வழிந்து பஞ்சில் ஊறியது. ஊறிய பஞ்சு கனத்துக் கீழே இறங்கியது. இடுப்பருகே அது திரளுவதை உணர்ந்து, முழங்கையால் அழுத்திக்கொண்டு நடந்தேன். கம்பளி நூல் கழுத்தை அரித்தது. மாப்பிள்ளை ஓரிரு முறை என் பக்கம் வந்து ஏதோ சொல்ல முயன்றார். அருகே வந்தால் வியர்வை நாற்றம் தெரிந்துவிடுமே என்று நான் அம்மாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

சைப்ரஸ் மரத்தடியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை சோடா வாங்கி வந்து கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு வெற்றிலை வாங்கிவரப் போனார். தாகத்தில் நான் அவசரமாக விழுங்கினேன், புரையேறிவிட்டது. இருமல் நிற்கவில்லை. கண்ணில் நீர் வர, மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினேன். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து வந்து என் தலையைத் தட்டினார். பிறகு நெற்றியில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது.

"என்ன இது, அனலா கொதிக்குது?"

"வெயிலுக்குங்க" என்றார் அம்மா.

"வெயிலுன்னா சுவெட்டரக் கழட்ட வேண்டியதுதானே?"

"அவளுக்குக் குளிர் ஆகாதுங்க."

"மேலு சுடுது, குளிரும் ஆகாது, இருமலும் இருக்கு" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்நேரம் நாத்தனார் என் கையிலிருந்த சோடாப் போத்தலை வாங்கி, மீதியைக் குடிப்பதற்காக வாயருகே கொண்டுபோனாள். தாயார் எட்டி அதைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் சோடா அவருடைய சேலையில் சிந்தியது. அதைத் துடைக்கவும் இல்லை. போத்தலைப் புல்லின்மீது தூரமாக வைத்துவிட்டு, மகளைத் தம் மறுபக்கம் இழுத்து உட்காரவைத்தார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். இவர் சாக்குச் சொல்லவில்லை.

"சம்பந்தியம்மா, ஒங்க தங்கச்சி எதுல போனாங்கன்னு எங்களுக்கும் சொன்னாங்க. பொண்ணு நல்ல வாட்டசாட்டமா இருக்கு, பழசு எதுக்குன்னு விட்டுட்டோம். இப்ப நீங்களே சொல்லுங்க."

அம்மாவின் கண் என் சட்டைப் பொத்தானுக்குப் போய் மீண்டது. என்னிடம் நோய் இல்லையென்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. அது நாங்கள் பொய்யர்கள் என்றும் காட்டிவிடும். அம்மா அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பதைப் பார்த்தேன். சட்டையின் பொத்தான்களை நானே கழற்றத் தொடங்கினேன்.

கம்பளிச்சட்டையை உருவியபோது வெட்டிச் செருகிய கைகள் தனியே என் மணிக்கட்டில் தங்கிவிட்டன. அவற்றையும் ஒன்றொன்றாக இழுத்துப் போட்டேன். நாத்தனார் வாய்பொத்தினாள், ஆனாலும் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அண்ணி, என்ன இது, வெங்காயம் உரிக்கிற மாதிரி?"

பஞ்சு அடைத்த தடித்த உடலிலிருந்து என் இரண்டு கைகளும் குச்சிகளாக வெளியே நீண்டிருந்தன. நான் எப்படி இருந்தேன் என்பதை எதிரே இருந்தவர்களின் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். அருகே போய்க்கொண்டிருந்த சில பெண்கள் நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் முன்னே வந்து, ஒரு விரலை என் இடுப்பில் வைத்து அழுத்தினார். விரல் முதல் கணுவரை உள்ளே போயிற்று.

"பஞ்சு" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இதுக்குள்ள பொண்ண எங்கங்க வச்சிருக்கீங்க?"

"மெலிஞ்ச புள்ளைங்க. நோயி இல்லீங்க. சாமி சத்தியமா இல்லீங்க."

"நோயி இல்லாட்டி எதுக்கு மறைச்சீங்க?"

"இப்புடி நெனைப்பீங்கன்னுதாங்க."

வெற்றிலையோடு திரும்பிவந்த மாப்பிள்ளை மரத்தடிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டார். எவ்வளவு பார்த்தார், எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, வேடிக்கை பார்த்த பெண்களுக்கு எதிரே மறித்தாற்போல நின்றார். அது என்னை மறைப்பதற்காகவா, தாம் பார்க்காமல் இருப்பதற்காகவா என்று பல ஆண்டுகள் கழித்து அவரிடம் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார். என் கணவர் எனக்குச் சொன்ன மிக நேர்மையான பதில்களில் அதுவும் ஒன்று.

தாயார் முடிவைச் சொல்ல நெடுநேரம் ஆகவில்லை. "கண்டியில நெஞ்சப் படம் புடிக்கிற டாக்டரு இருக்காரு. நானும் வர்றேன். சுத்தமுன்னு அவரு சொன்னா, பேசுனது பேசுனதுதான். இல்லாட்டி நீங்க ஒங்க வழி, நாங்க எங்க வழி."

அதற்கடுத்த வாரத்திலேயே நாங்கள் மூன்று பெண்களும் ரயிலில் கண்டிக்குப் போனோம். நான் ஒற்றை இரவிக்கையில் உட்கார்ந்திருந்தேன். கைகளை வைக்க இடம் தெரியாமல் சேலைக்குள் புதைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் தாயார் எதிரே இருந்து என் கழுத்தெலும்பைப் பார்ப்பார். நான் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். இருட்டறையில் இரவிக்கையையும் கழற்றச் சொன்னார்கள். குளிர்ந்த தகட்டில் மார்பை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழற்ற இனி ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வந்தது. அதில் ஆறுதல் கொஞ்சமும் இல்லை.

டாக்டர் படத்தை விளக்கின்முன் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தம் என்றார். சிலர் உடல்வாகே அப்படி, நன்றாகச் சாப்பிட்டால் போதும் என்றார். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயாருக்கு டாக்டரின் வாய்ச்சொல் மட்டும் போதவில்லை. வெளியே வந்ததும் படத்தை வாங்கி, தெருவோரத்தில் நின்று, கண்டியின் உச்சி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என் விலா எலும்புகள் வரிசையாக வானத்தில் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே என் இதயம் வெளிறிய நிழலாகக் கிடந்தது. நடைபாதையில் போன இரண்டு பேர் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். மூன்று பாவாடையும் இலவம்பஞ்சும் கொண்டு மறைத்த பெண் நான், கடைசியில் எலும்புவரை தெருவில் தெரிந்து நின்றேன். பூங்காவில் பட்ட வெட்கம் இதன்முன் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் தாமாகவே சொல்லிக்கொண்டார். குரலில் குத்தல் இல்லை. சந்தையில் வாங்கிய பொருள் சோடையில்லை என்று தெரிந்த நிம்மதிதான் இருந்தது. "சரி சம்பந்தியம்மா, ஆவணியிலேயே வச்சிக்கலாம்." படத்தைச் சுருட்டித் தம் கைக்குள் இடுக்கிக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். பார்க்குல நடந்தது இந்நேரம் ஹட்டனெல்லாம் பரவியிருக்கும். நாலு பேரு கேட்டா எடுத்துக் காட்டணுமில்ல?"

ஹட்டன் வீடுகளின் ஜன்னல்களில் என் நெஞ்சுக்கூடு ஏந்தப்படுவதை நான் அந்தக் கணமே கண்டுவிட்டேன். ஆனால் சம்மதம் கிடைத்துவிட்டது, ஒரு சொல் பிசகினால் அது கலைந்துவிடும். தலைகுனிந்து நின்றேன்.

"அதக் குடுங்க" என்றார் அம்மா.

மாப்பிள்ளையின் தாயாரும் நானும் நடக்கத் தொடங்கியிருந்தோம்; அம்மா மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஏன், எங்கிட்ட இருந்தா என்ன?"

"அது எம் மவ ஒடம்புங்க. நீங்க பாத்துட்டீங்க, போதும். ஊருக்குக் காட்ட வேணாம். அதுக்காகக் கல்யாணம் வேணாமுன்னா வேணாங்க."

என்னை மறைப்பதற்காக எத்தனையோ பேரிடம் பணிந்து பேசியவர் அம்மா. ஒருவரிடமும் இப்படிப் பேசியதில்லை. மாப்பிள்ளையின் தாயாருக்குக் கோபம் வருமென்று நான் எதிர்பார்த்தேன். அவர் சுருளை நீட்டினார். "புடிங்க. நான் வாயால சொல்லிக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே சொன்னார். ஆவணியில் திருமணம் நடந்தது. அவர் வீட்டில் நான் வாழ்ந்த காலமெல்லாம், உறவினர்கள் என் மெலிவைப் பற்றி வாயெடுத்தால், "நெஞ்சு சுத்தம், நானே பாத்தேன்" என்று அடக்கிவிடுவார். ஒவ்வொரு முறை அதைக் கேட்டபோதும், நன்றியோடு கூடவே, அந்தத் தெருவோர வெயிலில் நிற்பதைப் போல உடம்பு கூசிற்று. சீசன் வந்து வீட்டார் நுவரெலியாவுக்குப் புறப்பட்டால் நீண்ட கை வைத்த இரவிக்கையைத்தான் அணிந்து போனேன். அந்தக் கூச்சத்தை வெற்றிகொண்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், அது உண்மையாகாது.

கண்டிக்குப் போய்த் திரும்பிய அன்று மாலை, அம்மாவும் நானும் தலவாக்கலையில் ரயிலைவிட்டு இறங்கி, தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் இருக்கவில்லை. அம்மா ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படத்தை மார்போடு அணைத்திருந்தார். வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்துகொண்டிருந்தது. சுருள் விரிந்துவிடாதபடியும், பக்கத்தில் நின்றவர் கண்ணில் படாதபடியும், தம் சேலைத் தலைப்பை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். சின்னம்மாவைப் பற்றி அவர் என்னிடம் தாமாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"அவளுக்கும் எடுத்தாங்கடி. ஒரு பக்கம் பூரா வெள்ளையா இருந்துச்சு. ஒன்னோடது அப்புடி இல்ல. நல்லா பாத்தேன், அப்புடி இல்ல."

பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அவருடைய உடம்பு என்மேல் சாய்ந்தது. வெறும் கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் மெலிந்தவர்தான் என்பது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.